அடிபம்புக் கைப்பிடியும் நம் தாடையும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருங்கி வாழ்ந்த பகுதி இது. பகலில் அம்மி ஓசையும் டி.வி. சத்தமும் சுவரைக் கடந்து வரும். கடைசி மெட்ரோ ரயில் மேலே போய் ஓய்ந்த பிறகு குறட்டை வரும். அந்தக் குறட்டையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சிலருடையது ஒரே சீராக ஓடும். சிலருடையது திடீரென்று நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல் சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பும். கவலைப்பட வேண்டியது சத்தத்துக்காக மட்டும் அல்ல, நடுவே வந்துபோன அந்த அமைதிக்காகவும்தான்.

மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லும் நோய் இது. தமிழில் தூக்க மூச்சுத்தடை எனலாம். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்வதால் பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு தடை. மூச்சு நிற்காமல் வெகுவாகக் குறைந்துபோவதையும் சேர்த்து எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது; 30-ஐத் தாண்டினால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி, உடலைச் சற்றே எழுப்பி, தொண்டையைத் திறக்கிறது. தூங்கியவருக்கு எதுவும் நினைவிருக்காது. மறுநாள் சிக்னலில் ஆட்டோவை நிறுத்தியதும் கண் சொக்கும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், இதயமும் பாதிக்கப்படும். இந்தியாவில் வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் மதிப்பிட்டார்கள்.

தொண்டை ஏன் மூடிக்கொள்கிறது? மூக்கின் உள்ளே எலும்பு இருக்கிறது. மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. இரண்டுக்கும் இடையில், உள்நாக்கிலிருந்து குரல்வளை வரையிலான வழிக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. அது வெறும் சதைக்குழாய். அதே குழாய்தான் சோற்றை விழுங்குகிறது, காற்றை இழுக்கிறது, பேச்சொலிக்கு வடிவம் கொடுக்கிறது. விழுங்கவும் பேசவும் அது நெகிழ்ந்து மடங்கியாக வேண்டும். விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துப் பிடித்துத் திறந்துவைக்கின்றன. தூங்கினால் தசைகள் தளர்கின்றன. இளநீரை மெல்லிய காகித உறிஞ்சுகுழலால் வேகமாக இழுத்தால் குழல் எப்படி ஒட்டிக்கொள்கிறதோ, அப்படித் தொண்டையும் ஒட்டிக்கொள்கிறது.

இதில் சிறு அளவுகள் பெரிய வேலை செய்கின்றன. காற்று ஒரே சீராக ஓடும் குழாயில், ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு கூடாது. பதினாறு மடங்கு கூடும். திருப்பிப் பார்த்தால் நமக்குச் சாதகமான செய்தியும் அதிலேயே இருக்கிறது. ஆரத்தைப் பத்து சதவீதம் பெருக்கினால், அதே இழுப்புக்கு 46 சதவீதம் கூடுதல் காற்று போகும். தொண்டை கணிதப் புத்தகத்துக் குழாய் இல்லை என்றாலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்காக மருத்துவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

அந்த மில்லிமீட்டர்களை எங்கே பிடிப்பது? தாடையில். நாக்கின் பெரும்பகுதி, கீழ்த்தாடையின் உட்புறத்தில், முகவாய்க்குப் பின்னால் இருக்கும் சின்ன எலும்பு மேட்டிலிருந்து விசிறிபோல் விரியும் ஒரு தசை. கழுத்தில் குரல்வளைக்கு மேலே லாட வடிவில் நாவடி எலும்பு இருக்கிறது. உடலில் வேறெந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளிலும் நார்களிலும் தொங்கும் எலும்பு அது ஒன்றுதான். அதுவும் தாடையோடு தசைகளால் கட்டப்பட்டிருக்கிறது. கன்றுக்குட்டியை முளைக்குச்சியில் கட்டியது போலத்தான். முளையைப் பிடுங்கி முன்னால் நட்டால் கன்றும் முன்னால் வரும். தாடையை முன்னுக்கு இழுத்தால் நாக்கும் தொண்டையிலிருந்து விலகி வரும்.

மயக்க மருத்துவர்கள் இதைத் தினமும் கையாலேயே செய்கிறார்கள். மயங்கிய நோயாளியின் தாடைக்கோணத்தில் விரல்களைக் கொடுத்து, தாடையை முன்னே தூக்கி மூச்சுவழியைத் திறக்கும் அந்த உத்தி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. பிரான்சில் பியர் ரோபின் என்ற வாய் மருத்துவர், சிறுத்த தாடையோடு பிறக்கும் குழந்தைகளின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைப்பதை 1923-ல் விவரித்தார். தாடையை முன்னால் நிறுத்தும் கருவியையும் அவர் பயன்படுத்தினார். இன்று தூக்க மூச்சுத்தடைக்குக் கொடுக்கப்படும் வாய்க்கருவி அந்த யோசனையின் வாரிசு. மேல்பல்லுக்கு ஒரு கவசம், கீழ்ப்பல்லுக்கு ஒரு கவசம், இரண்டையும் இணைக்கும் ஓர் அமைப்பு. இரவில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் நின்றுகொள்ளும். இதைத் தாடை முன்நகர்த்தி என்போம். மயக்க மருத்துவரின் இரண்டு கைகளும் விடியும்வரை வாய்க்குள் இருப்பது போன்றது இது.

இதில் ஒரு வியப்பு. தாடை முன்னால் வந்தால் தொண்டை முன்பின்னாகத்தான் விரியும் என்று நினைப்போம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. பலருக்கு உள்நாக்குப் பகுதியில் தொண்டை பக்கவாட்டில்தான் அதிகம் விரிகிறது. தாடைக்கும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் தொண்டையின் பக்கச் சுவர்களுக்கும் இடையே தசைநார்களின் தொடுப்பு இருக்கிறது. கொடியின் ஒரு முனையை இழுத்தால் நடுவே காயும் வேட்டி விறைத்துக்கொள்வது போல, தாடையை இழுத்ததும் தளர்ந்த பக்கச் சுவர்கள் விறைத்து விலகுகின்றன.

தாடையை முன்னால் தள்ளினால் போதும், வேலை முடிந்தது என்று இவ்வளவும் படித்தவருக்குத் தோன்றும். உண்மையான நுட்பமே இனிமேல்தான். தாடை நேர்கோட்டில் நகர்வதில்லை. அது நகரும் வழி ஒவ்வொரு முகத்துக்கும் வேறு.

உங்கள் காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் ஓர் உருண்டை அந்த இடத்திலேயே சுழலும். இன்னும் திறந்தால் அந்த உருண்டை முன்னால் வழுக்கிப் போய், விரலடியில் ஒரு பள்ளம் தோன்றும். அதுதான் தாடை மூட்டு. முதல் இரண்டு சென்டிமீட்டர் திறப்புக்குப் பெரும்பாலும் கதவின் கீல்போல் சுழல்கிறது. அதற்குப் பிறகு மேசை இழுப்பறைபோல் முன்னே நகர்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருந்து உராய்வைத் தாங்குகிறது. கதவாகவும் இழுப்பறையாகவும் ஒரே நேரத்தில் இயங்கும் மூட்டு உடலில் அபூர்வம். அதிலும் இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே தீரும்.

19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் பான்வில் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தாடைகளை அளந்து ஒரு முக்கோணத்தைக் கண்டார். இரண்டு மூட்டுகளும் கீழ்முன்பல்லின் நடுமுனையும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக அமைகின்றன என்றார். அப்படியானால் வாயைத் திறப்பது என்பது, 10 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒரு முனையில் சுழல்வதுதான். மறுமுனை வட்டத்தின் ஒரு துண்டை வரையும்.

இப்போது தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி படுக்கைவாட்டில் இருக்கும்போது அழுத்தினால் அதன் நுனி நேராகக் கீழே இறங்கும். கைப்பிடி ஏற்கெனவே பாதி சாய்ந்திருக்கும்போது மேலும் அழுத்தினால், நுனி கீழே இறங்குவதோடு பம்பின் உடம்பை நோக்கி உள்ளேயும் வரும். எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு உள்ளே வரும். பம்பின் உடம்பு இருக்கும் இடத்தில் தொண்டையை வையுங்கள். கைப்பிடியின் நுனியில் முகவாயை வையுங்கள். வாய் திறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முகவாய் எவ்வளவு பின்வாங்கித் தொண்டையை நெருங்கும் என்பதை முடிவு செய்வது அந்தக் கைப்பிடியின் சாய்வு.

அந்தச் சாய்வு முகத்துக்கு முகம் மாறும். சிலருக்குத் தாடை அகன்று, அடிவிளிம்பு தரைக்கு ஓரளவு இணையாக ஓடும். முகம் சதுரமாகத் தெரியும். சிலருக்குத் தாடை செங்குத்தாகக் கீழிறங்கும். முகம் நீண்டு தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டிலிருந்து கீழ்ப்பல் முனைக்குப் போகும் கோடு சதுர முகத்தில் 25 பாகை சாய்ந்திருக்கிறது என்றும், நீள்முகத்தில் 40 பாகை சாய்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தூக்கத்தில் வாய் 6 மில்லிமீட்டர் கீழே திறக்கிறது. சதுர முகக்காரரின் பல்முனை 2.8 மில்லிமீட்டர் பின்வாங்கும். நீள்முகக்காரருக்கோ 5 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஓர் அரிசி மணி நீளம். இருவர் வாயிலும் கருவி தாடையை 7 மில்லிமீட்டர் முன்னே வைத்திருந்தது என்றால், வாய் திறந்த அந்த நொடியில் ஒருவருக்கு 4.2 மில்லிமீட்டர் மிச்சம், மற்றவருக்கு 2 மில்லிமீட்டர்தான். நாக்கைக் கட்டிய முளை பல்முனைக்கும் கீழே, முகவாய்க்குள் இருக்கிறது. மூட்டிலிருந்து அதற்குப் போகும் கோடு இன்னும் செங்குத்தானது. அதனால் முளை பின்வாங்கும் தூரம் பல்லைவிட அதிகம்.

இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. தாடையை முன்னே தள்ளும்போது மூட்டின் உருண்டை மண்டையோட்டில் ஒரு சரிவான மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்னே போகப் போகக் கீழேயும் இறங்குகிறது. சரிவு 35 பாகை என்றால் 7 மில்லிமீட்டர் முன்னகர்வுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இறக்கம். அடிபம்பின் கீலே கீழே இறங்குவது போல! கண்ணாடி முன் நின்று கீழ்ப்பல்லை மேல்பல்லுக்கு நேராகத் தள்ளிப் பாருங்கள். முன்பற்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இடைவெளி தோன்றும். டென்மார்க்கின் கார்ல் கிறிஸ்டென்சன் 1905-ல் விவரித்ததால் பல் மருத்துவத்தில் இதற்கு அவர் பெயர். கருவியின் தடிமன் முன்னால் வாயைத் திறக்கிறது. மூட்டின் சரிவு பின்னால் தாடையை இறக்குகிறது. இரண்டும் சமமாக இருந்தால் தாடை சாயாமல் பல்லக்குபோல் மட்டமாக முன்னே போகும். முன்பக்கம் அதிகம் இறங்கினால் முகவாய் பின்னால் சாயும். சமநிலை எங்கே அமையும் என்பதும் முகத்துக்கு முகம் வேறு.

பற்கள் பூட்டிக்கொள்ளும் விதமும் வழியை மாற்றுகிறது. சிலருக்கு மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மூடியிருக்கும். அவர்களுடைய தாடை நேராக முன்னே வர முடியாது. முதலில் கீழே இறங்கி, மேல்பல்லைத் தாண்டி, பிறகுதான் முன்னே வரவேண்டும். தாழ்வான நிலைப்படியில் தலை குனிந்து வெளியே வருவது மாதிரி. கீழ்ப்பல் ஏற்கெனவே முன்னால் நிற்பவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவர் தாடை இனி நகர எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பது வேறு கேள்வி.

இந்தக் கோணங்களை எல்லாம் உயிருள்ள மனிதரிடம் எப்படி அளப்பது? 1931-ல் அமெரிக்காவில் பிராட்பெண்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அதற்கு வழி கண்டார்கள். தலையை ஒரு தாங்கியில் அசையாமல் நிறுத்தி, குறித்த தூரத்திலிருந்து பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். செபலோகிராம் என்ற இந்தப் படத்தைப் பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர்கள் இன்றும் எடுக்கிறார்கள். கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத் துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் கோடு அதில் தரைமட்டம். தாடை அடிவிளிம்பு அதோடு ஏறக்குறைய 25 பாகை சாய்ந்திருந்தால் நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் நீள்முகம், 20-க்குக் குறைந்தால் குறுமுகம். நாவடி எலும்பு எவ்வளவு கீழே தொங்குகிறது, முகவாய் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதும் அதே படத்தில் கிடைத்துவிடும்.

குண்டானவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணம் தவறு என்பதையும் இந்தப் படங்கள் காட்டின. முகத்தின் எலும்புகளை ஒரு பெட்டி என்றும், நாக்கையும் சதையையும் கொழுப்பையும் உள்ளே அடுக்கும் துணிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். துணி அதிகமானாலும் பெட்டி திணறும். பெட்டி சின்னதாக இருந்தாலும் திணறும். ஆசிய நாட்டு நோயாளிகளிடம் உடற்பருமன் குறைவாக இருந்தும் தூக்க மூச்சுத்தடை கடுமையாக இருப்பதற்கு, பெட்டியின் அளவும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒல்லியான உடம்பு, உள்ளடங்கிய முகவாய், பலத்த குறட்டை: இவை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அலட்சியம் கூடாது.

முகத்தைப் படித்த பிறகு கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் பல சாமர்த்தியங்கள் உண்டு. ஜெர்மானியரான எமில் ஹெர்ப்ஸ்ட் 1909-ல் பெர்லினில் நடந்த மாநாட்டில் குழந்தைகளின் தாடை வளர்ச்சிக்காக ஒரு கருவியைக் காட்டினார். குடைக்காம்புபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாயும் தண்டும் இரு பக்கமும் தாடையை முன்னே தாங்கும். அதே ஏற்பாடு இன்று தூக்கக் கருவிகளிலும் இருக்கிறது. ஆனால் வாய் திறந்தால் அந்தத் தண்டு செங்குத்தாகத் திரும்பி, தாடையைப் பின்னால் வழிய விட்டுவிடும். அதைத் தடுக்க மேல்கீழ் கவசங்களைச் சிறு ரப்பர் வளையங்களால் இணைக்கிறார்கள். வேறொரு வகையில் கீழ்க்கவசத்தின் இரு பக்கமும் மீன் துடுப்புபோல் தகடுகள் நிற்கும். வாய் கொஞ்சம் திறந்தாலும் துடுப்பு மேல்கவசத்தில் முட்டி, தாடையைப் பின்னே விடாது. அடிபம்புக் கைப்பிடி மிகவும் சாய்ந்த நீள்முகக்காரருக்கு இந்த ரப்பரும் துடுப்பும் எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

கருவி வாயை எவ்வளவு திறந்து வைக்கலாம்? சிட்னியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நோயாளிகளுக்கு 4 மில்லிமீட்டர் திறக்கும் கருவியையும் 14 மில்லிமீட்டர் திறக்கும் கருவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியில் மூச்சுத்தடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. மெல்லிய கருவியைத்தான் பலர் விரும்பினார்கள். ஆனால் சராசரிக்கு முகம் கிடையாது. எந்த முகத்தில் எவ்வளவு சாய்வு என்று பார்த்துத்தான் மருத்துவர் தடிமனைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை அளவுகளை எடுத்தும், கருவி யாருக்கு முழுதாகப் பலிக்கும் என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. தசையின் விறைப்பும், தூங்கும்போது மூளை மூச்சை நடத்தும் விதமும் படத்தில் தெரிவதில்லையே.

ஆகவே மருத்துவர் தாடையிடமே கேட்கிறார். ஒருவரால் தாடையை எவ்வளவு பின்னே இழுக்க முடியும், எவ்வளவு முன்னே தள்ள முடியும் என்று அளவுகோலால் முதலில் அளப்பார். பலருக்கு அந்த மொத்த நகர்வு ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் பாதியில் தொடங்குவது வழக்கம். கருவியில் ஒரு சிறு திருகு இருக்கும். சிலவற்றில் சாவியை ஒருமுறை திருப்பினால் தாடை கால் மில்லிமீட்டர் முன்னே போகும். இரண்டு மூன்று தாள்களை அடுக்கினால் வரும் தடிமன் அது. சில நாட்களுக்கு ஒருமுறை திருப்பி, குறட்டை அடங்குகிறதா, காலையில் தாடை வலிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முன்னேறுவார்கள். வீணைத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். முடிவில், கருவி வாயில் இருக்கும்போதே இன்னொரு தூக்கப் பரிசோதனை செய்தால்தான் சுருதி சேர்ந்ததா என்பது உறுதியாகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்னே இழுத்த தாடை இரவெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்குவது பற்கள். பல ஆண்டுகளில் மேல்முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ்முன்பற்கள் சற்று வெளியேயும் சாய்ந்து, கடிக்கும் விதமே மாறலாம். அதனால் ஆண்டுதோறும் பல் மருத்துவர் பார்க்க வேண்டும். சில கருவிகளுக்குள் மிகச் சிறிய வெப்ப உணரி புதைக்கப்பட்டிருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது சூட்டைக் குறித்துக்கொள்ளும். வாயின் சூடு பதிவானால் மாட்டியிருந்தார், அறையின் சூடு பதிவானால் மேசையில் கிடந்தது என்று அர்த்தம்.

கடுமையான மூச்சுத்தடைக்கு முதல் மருந்து இன்றும் காற்றழுத்த முகமூடிதான். 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அதை உலகுக்குக் காட்டினார். மூச்சுத்தடையைக் குறைப்பதில் முகமூடிதான் பலசாலி. ஆனால் இரவு முழுக்க அதை மாட்டிக்கொள்ள முடியாமல் கழற்றி வைப்பவர்கள் ஏராளம். வாய்க்கருவியின் பலம் குறைவு என்றாலும் அதைக் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மாத அளவில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் உடல்நலப் பயன் பெரிதாக வேறுபடவில்லை. மூச்சுத்தடை லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவருக்கும், முகமூடி ஒத்துவராதவருக்கும் வாய்க்கருவி நல்ல வழி. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் கருவிக்கு உங்கள் தாடையின் சாய்வு தெரியாது. பரிசோதனையும் மருத்துவரும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட். அங்கே விக்டோரியா மருத்துவமனைக்குப் பக்கத்தில், 1958-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸில் தூக்கத்தை ஆராயும் ஆய்வகம் இருக்கிறது. ஆனால் நோயாளி தானாக அங்கே போக மாட்டார், ஏனென்றால் தன் மூச்சு நிற்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, அம்மா, சில நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். இன்றிரவு குறட்டை திடீரென நின்றால், திரும்பிப் படுப்பதற்கு முன் எண்ணத் தொடங்குங்கள். பத்தைத் தாண்டினால், காலையில் காபி கொடுக்கும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள்.